விட்டுப்போன ஒரு மெய்யெழுத்து

தம்பி, ஒரு நிமிஷம். இப்ப ஒங்க போன்ல ஒரு பாட்டு அடிச்சுதே, அதை யாரு வச்சுக் குடுத்தா? வீட்டுக்காரியா. சரி, நல்லா இருக்கட்டும். அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அது தப்பு. பாட்டு தப்பில்ல, அதுல ஒரு எழுத்து தப்பு. இவனுக்கு எப்படித் தெரியும்னுதான பாக்கீங்க? அந்தப் பாட்டை எழுதுனவன் நான்.

நம்ப மாட்டீங்க. யாருமே நம்ப மாட்டாங்க. போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல மைக்செட்காரன்ட்ட சொன்னேன். "பெரியவரே, சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டான்.

பேரு நவமணி. ஊரு நல்லாயன்புரம், நீங்க ஏறுனதுக்கு ரெண்டு ஸ்டாப் முந்தி. பத்திரம் எழுதுறது தொழில். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுத்தாப்புல முப்பத்தெட்டு வருஷம் உக்காந்து எழுதியிருக்கேன். எங்க தொழில்ல எழுத்துங்கது விளையாட்டில்ல. 'விற்றேன்'னு எழுத வேண்டிய எடத்துல 'விற்பேன்'னு எழுதிட்டா, அம்புட்டுதான், நிலம் கை மாறாது. ஒத்த எழுத்து. அதுக்காகக் கோர்ட்டுக்குப் போயி தலைமுறை தலைமுறையா பேசாம இருக்க அண்ணன் தம்பிய நான் பாத்திருக்கேன்.

ஒங்க போன்ல என்ன பாடுது? 'பாதை இருண்டது, வழி காணேன். பக்கத்தில் உம் நிழல் காணேன். கூப்பிட்டேன், உம் குரல் கேளேன். கைவிடீரே, என் கர்த்தாவே.' அதானே? கைவிடீரேன்னா என்ன அர்த்தம்? நீர் கைவிட மாட்டீர்னு அர்த்தம். நான் எழுதுனது அது இல்ல. நான் எழுதுனது 'கைவிட்டீரே'. விட்டுட்டீரேன்னு எழுதுனேன். நடுவுல ஒரு 'ட்' இருக்கு. அந்த ஒரு மெய்யெழுத்தை எடுத்துட்டா பாட்டு தலைகீழாப் போயிருதுலா? நான் ஆண்டவர்ட்ட சண்டை போட்டு எழுதுன பாட்டு, தம்பி. அதைப் போயி புதுக்கடை தெறக்கதுக்குப் பாடுதாங்க. பொறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது பாடுதாங்க. கை தட்டிப் பாடுதாங்க.

மெட்டும் நாந்தான் போட்டேன். சின்ன வயசுலேருந்து எங்க கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கேன். அந்த 'ட்' வாற எடத்துல மெட்டு ஒரு நொடி நிக்கணும். தொண்டை அடைச்சுக்கிட்ட மாதிரி. கை-விட்... நிக்கணும்... அதுக்குப் பொறவுதான் டீரே. அந்த நிறுத்தம் இல்லைன்னா அது மெட்டே இல்ல. இவங்க எழுத்தையும் எடுத்துட்டாங்க, நிறுத்தத்தையும் எடுத்துட்டாங்க. வி-இ-இ-டீரேன்னு இழுக்காங்க. ரப்பர் மாதிரி.

எதுக்கு எழுதுனேன்னு கேளுங்க. எங்களுக்கு ஒரே புள்ள. பொம்பளப் புள்ள. பதினோரு வயசு, ஆறாங்கிளாஸ். தொண்ணூத்தி மூணாம் வருஷம் ஐப்பசி மாசம் மூளைக்காய்ச்சல் வந்துட்டு. பாளையங்கோட்டையில ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். டாக்டர்மாரு நல்லாத்தான் பாத்தாங்க. சபையில சங்கிலி ஜெபம் வச்சாங்க, மணிக்கு ரெண்டு பேருன்னு முறை போட்டு. ஒம்பதாம் நாள் காலையில நான் டீ வாங்கக் கீழ போனேன். கடையில கூட்டம். மழை வேற. நான் மேல வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. கடையில அன்னைக்கு ரொம்பக் கூட்டம், தம்பி.

அதுக்குப் பொறவு ரெண்டு மாசம் நான் கோயிலுக்குப் போவல. ஆர்மோனியத்தைப் பூட்டி வச்சிட்டாங்க. நான் வீட்டுல உக்காந்து எழுதுனேன். ஜெபம்னா ஜெபம், சண்டைன்னா சண்டை. ஒம்பது நாள் கூப்பிட்டேனே, ஊரே கூப்பிட்டுச்சே, நீர் வரலியே. கைவிட்டீரேன்னு எழுதுனேன். இது என்ன நான் புதுசாக் கண்டுபிடிச்ச சொல்லா? சிலுவையில ஆண்டவரே அவரு பிதாவப் பாத்து அதைத்தான கேட்டாரு? அவரு கேக்கலாம், நான் கேக்கப்படாதா? நான் கோயிலுக்குப் போவாததைப் பாத்து சில பேரு என்ட்ட, "நவமணி, நம்பிக்கை போயிட்டுதா"ன்னு கேட்டிருக்காங்க. இல்லாத ஆளுட்ட எவனாவது போயி சண்டை போடுவானா? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

மறுவருஷம் லெந்து நாள்ல, அதான் தவக்காலத்துல, எங்க ஐயர் வீட்டுக்கு வந்தாரு. ஐயர்னா எங்க பக்கம் சபைக் குருவானவரை அப்படித்தான் சொல்லுவோம். "பெரிய வெள்ளிக்கு ஒரு புதுப்பாட்டு வேணும்"னாரு. வாறவரை வெறுங்கையா அனுப்பவா முடியும்? சரின்னேன். நோட்டை எடுத்து எப்சிட்ட குடுத்து அச்சாபீஸ்ல குடுத்துருன்னு சொன்னேன். எப்சின்னா என் வீட்டுக்காரி, எப்சிபாய். அச்சாபீஸ் எங்க தெருவுலயே இருந்துச்சு. பாக்கியநாதன்னு எங்கூடப் படிச்சவரு, அவரோடது. ஈய எழுத்துக் கோத்து, கால் மிதிச்சு அடிக்கிற மெஷினு.

பெரிய வெள்ளி அன்னைக்கு நான் போயி ஆர்மோனியத்துல உக்காந்தேன். பாட்டுத்தாளை எல்லாருக்கும் குடுத்தாங்க. பாட ஆரம்பிச்சாங்க. நாலாவது வரி வந்துச்சு. கைவிடீரேன்னு பாடுதாங்க. நான் திகைச்சுப்போயி தாளைப் பாக்கேன், அதுலயும் அப்படித்தான் அடிச்சிருக்கு. வாசிக்கதை நிப்பாட்டிட்டேன். ஜனங்க என்ன நெனச்சாங்க தெரியுமா? புள்ளையப் பறிகொடுத்த மனுசன், தாங்க முடியாம நிப்பாட்டிட்டாருன்னு நெனச்சாங்க. அம்புட்டு பேரும் அழுதுக்கிட்டே வாத்தியமில்லாம பாடி முடிச்சாங்க. ஆராதனை முடிஞ்சு மூணு மணிக்கு வெளிய வாறேன், ஒவ்வொருத்தரா வந்து கையப் புடிக்காங்க. "என்ன விசுவாசம் அண்ணாச்சி. புள்ள போயும் கைவிடீர்னு எழுதியிருக்கீங்களே."

அது இல்லம்மா, நான் ஆண்டவரைத் திட்டி எழுதுனேன்னு கோயில் வாசல்ல வச்சு சொல்லவா முடியும்? அன்னைக்கு ஆரம்பிச்சது. அதுக்குப் பொறவு வந்த ஏழு ஐயரும் பிரசங்கத்துல என்னை இழுத்திருக்காங்க. பெத்த புள்ளைகளை எல்லாம் பறிகொடுத்தும் விசுவாசத்தை விடாத யோபுவுக்கு அடுத்தாப்புல நவமணி. செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கிப் பாத்திருக்கீங்களா? செருப்புக்குள்ள கல்லு கெடக்க மாதிரி இருக்கும்.

நேரா பாக்கியநாதன்ட்ட போனேன். "என்னவே இப்படிப் பண்ணிட்டீரு"ன்னேன். "வந்த எழுத்தைத்தான் அடிச்சேன்"னாரு. "வந்ததைக் காட்டும்"னேன். தேடிப் பாத்துட்டு, காணலைன்னுட்டாரு. "பெட்டி நெறைய 'ட்' கெடக்கு. ஒமக்குத் தராம நான் அதை என்ன செய்யப் போறேன்"னு கேட்டாரு. அது நக்கலா இல்லியா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கோட பேச்சை விட்டேன். அவரு மக கல்யாணத்துக்குப் போவல. கோயில் அசன விருந்துல அவரு ஒரு பந்தியில உக்காந்தா நான் அடுத்த பந்தி. இருபத்தொன்பது வருஷம்.

பேனாவை எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போயி, அங்க கெடந்த முன்னூத்திச் சொச்சம் தாள்லயும் 'ட்' போட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை பாடும்போது ஒருத்தனாவது தாளைப் பாக்கணுமே. எல்லாருக்கும் மனப்பாடம். அப்புறம் பாட்டு எங்க ஊரை விட்டுப் போயிட்டு. ஒரு பாடகி கேசட்டுல பாடுனா. கிடார், கொட்டு, எல்லாம் வச்சு. கேசட் போட்டவங்களுக்கு லெட்டர் போட்டேன். 'ஐயா, விசுவாச வார்த்தையே ஜனங்களுக்கு ஆறுதல்'னு ஒரு கார்டு வந்துச்சு. அதுல 'வார்த்தை'க்கு 'ர்' இல்ல. அதையும் பாத்தேன்.

எப்சிட்ட புலம்புவேன். "விடுங்க, சோறு ஆறுது"ம்பா. அவளுக்கு இதெல்லாம் புரியாதுன்னு நானும் விட்டுட்டேன்.

இந்த வருஷம் மாசி மாசம் பாக்கியநாதன் தவறிட்டாரு. சாவு வீட்டுக்கு நான் போகலைன்னேன். எப்சி செருப்பை எடுத்து என் முன்னால வச்சா. போனேன். கல்லறைத் தோட்டத்துல அவரு பொண்டாட்டி சொல்லி அந்தப் பாட்டையே பாடுனாங்க. எனக்குக் கோவம். செத்தும் என்னைக் குத்திக் காட்டுதாரு பாருன்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

ஒரு வாரம் கழிச்சு அவரு மகன் வந்தான். ஜெபசிங்னு பேரு, தூத்துக்குடியில இருக்கான். கையில ஒரு பழுப்புத் தாளு. "மாமா, இதை ஒங்கட்ட குடுக்கணுமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள ரொம்பப் பேச்சு. அப்பா பொட்டியில இருந்துச்சு"ன்னான். வாங்கிப் பாத்தேன். என் பாட்டு. கைவிடீரேன்னு, நல்லாத் தெளிவா, குண்டு குண்டா எழுதியிருக்கு. அது என் எழுத்தில்ல. எப்சி எழுத்து.

"இது எப்பக் கெடச்சுது?"ன்னு கேட்டேன்.

"மெஷினை வித்தப்போ கெடச்சுது மாமா. பதிமூணு வருஷம் இருக்கும். கொண்டுபோயிக் காட்டிட்டா சண்டை தீந்துரும்லாப்பான்னு நான் அப்பவே கேட்டேன். 'வேண்டாம்ல. அவரு எங்கூட சண்டை போடட்டும், எனக்கு ஒண்ணும் குறையல. இதைக் காட்டுனா வீட்டுல போடுவாரு. எப்சி பிள்ள ஏற்கெனவே ஒண்ணைத் தொலைச்சிட்டு இருக்கு'ன்னாரு."

பாத்துக்கிடுங்க. பதிமூணு வருஷம் தாளைக் கையில வச்சிக்கிட்டு என்னை முட்டாளாக்கியிருக்காரு. நான் அவரைப் பாத்து மொகத்தைத் திருப்பும்போதெல்லாம் அவருக்கு விஷயம் தெரியும். இதுக்கு என்ன பேரு வைக்கது? துரோகம்னு சொல்லவா? சொல்ல வர மாட்டேங்கு. வேற பேரும் கெடைக்கல.

வீட்டுக்குள்ள போனேன். எப்சி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. தாளை அவ மடியில போட்டேன். பாத்தா. கீரையைத் தள்ளி வச்சா.

"ஆமா, நாந்தான் மாத்துனேன்."

"கை தவறிட்டா?"

"தவறல. ஒங்க எழுத்து அச்சாபீஸ்ல யாருக்கும் விளங்காதுன்னு நகல் எடுத்தேன். அந்த வரி வந்துச்சு. எழுதல."

"ஏன்?"

அவ கையில ஒட்டுன கீரையைத் தட்டி விட்டா, தம்பி. பொறவு சொன்னா. "அன்னைக்கு நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க. அவளுக்கு முழிப்பு வந்துச்சு. 'அப்பா எங்க, போயிட்டாங்களா'ன்னு கேட்டா. 'ஒன்னைய விட்டுட்டு அப்பா எங்க போவாங்க, இந்தா வந்துருவாங்க'ன்னு சொன்னேன். அவ அதைக் கேட்டுக்கிட்டுத்தான் கண்ணை மூடுனா. அதுதான் அவ காதுல கடைசியா விழுந்த சொல்லு. அதைச் சொன்னவ, விட்டுட்டீரேன்னு எப்படி எழுதுவேன்? எழுதுனா நான் புள்ளைட்ட சொன்னது பொய்யின்னு ஆயிரும்லா?"

எனக்கு இது தெரியாது. புள்ள என்னைக் கேட்டுச்சுன்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. "ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல"ன்னு கேட்டேன்.

"நீங்க கேக்கலியே"ன்னா. "நீங்க பாட்டு எழுதிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் பாக்கியநாதன் அண்ணன்ட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு என்ன இருந்துச்சு? அந்த ஒரு எழுத்தைத்தான் நான் எடுத்துக்கிட்டேன்." சொல்லிட்டு கீரையை எடுத்து மறுபடி உருவ ஆரம்பிச்சிட்டா.

இப்ப நான் யாருட்ட கோவிச்சுக்கிட? சொல்லுங்க. ஆண்டவர்ட்ட கோவிச்சேன், அது பாட்டாப் போயி ஊரெல்லாம் பாடுது. பாக்கியநாதன்ட்ட கோவிச்சேன், அவரு மண்ணுக்குள்ள போயிட்டாரு. இவகிட்ட கோவிக்க எனக்கு வாய் வரல. முப்பது வருஷம் ஒருத்தன் கோவமா இருந்துட்டு, ஒரு மத்தியானத்துல அது எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டா அவன் எங்கன போயி நிப்பான்?

அந்த ஞாயித்துக்கெழமை ஆர்மோனியம் வாசிக்க மனசில்ல. மேலுக்குச் சரியில்லைன்னு சொல்லிட்டு, ஆம்பளைங்க பக்கத்துல ஓரமா, எப்சி இருக்க பெஞ்சுக்கு நேரா உக்காந்தேன். முன்னால முதுகைக் காட்டியே உக்காந்தவனுக்கு அவ பாடி நான் தனியாக் கேட்டதே இல்லைங்கது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்தப் பாட்டைத்தான் பாடக் குடுத்தாங்க. நாலாவது வரியில எல்லாரும் வழக்கம்போல வி-இ-இன்னு இழுக்காங்க. அவ இழுக்கல. கைவின்னு சொல்லி நிக்கா. ஒரு நொடி. வாய் தொறந்திருக்கு, சத்தம் இல்ல. பொறவுதான் டீரேன்னு முடிக்கா. எழுத்து இல்ல, தம்பி, ஆனா நான் வச்ச நிறுத்தம் அப்படியே இருக்கு. அம்புட்டுக் கூட்டத்துல அவ ஒருத்திதான் மெட்டைச் சரியாப் பாடுதா. அது எப்படிங்க? விட்டீரேன்னு சொல்லவும் இல்ல, அந்த வலியை விடவும் இல்ல. நான் ஒரு மெய்யெழுத்தை வச்சுச் சொன்னதை அவ சும்மா நின்னே சொல்லுதா. எனக்கு அது புரிஞ்சும் புரியாம கெடக்கு. எரிச்சலாவும் இருக்கு. முப்பது வருஷமா நான் திருத்தணும் திருத்தணும்னு அலைஞ்சது என்னத்தை?

போன வாரம் இப்ப இருக்க ஐயர் ஒரு தாளைக் கொண்டாந்தாரு. கோயில் பிரதிஷ்டை நூறாம் வருஷத்துக்குப் பாட்டுப் புஸ்தகம் போடுதாங்க. "ஐயா, இது ஒங்க பாட்டு. எழுத்துப்பிழை இருக்குன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்களாமே. எப்படி வேணும்னாலும் நீங்களே திருத்திக் குடுங்க. அப்படியே அச்சுல வரும்"னாரு. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் முப்பது வருஷம் காத்துக் கெடந்தேன். இப்ப வந்து சொல்லுதாரு.

பேனா மூடியைக் கழத்தி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். 'ட்' போடல. கீழ 'இயற்றியவர் நவமணி'ன்னு இருந்துச்சுலா, அதுக்குப் பக்கத்துல 'எப்சிபாய்'னு எழுதுனேன். எங்க தொழில்ல பிழைதிருத்தல் பத்திரம்னா ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும், அந்த முறைதான்னு நெனச்சேன். நல்லதுதான செஞ்சேன்? காட்டுனா, அவளுக்கு வந்துச்சே கோவம். எங்க கல்யாணம் ஆனதுலேருந்து அப்படி ஒரு கோவத்தை நான் பாத்ததில்ல. "என் பேரு என்னத்துக்கு? நாளைக்குக் கோயில்ல வச்சு ஆளாளுக்கு என் கையப் புடிச்சு விசுவாசம்னு சொல்லவா? ஒங்க பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம். போடணும்னா புள்ள பேரைப் போடுங்க." பேரைச் சொல்லிச் சொன்னா. அந்தப் பேரை அவளும் சொன்னதில்ல, நானும் சொன்னதில்ல. சொல்லாம இருக்கதுதான் ஒருத்தருக்கொருத்தர் செய்யுற நல்லதுன்னு ரெண்டு பேரும் இருந்திருக்கோம் போல.

அச்சாபீசுக்குத்தான் போறேன். பாளையங்கோட்டையில. போன்லயே சொல்லிரலாம்னு ஐயர் சொன்னாரு. எழுத்து விஷயம், நான் போன்ல சொல்ல மாட்டேன். அவளே பாட்டு முழுசையும் திரும்ப எழுதிக் குடுத்திருக்கா, கீழ பேரோட. காலையில மடிச்சுப் பையில வச்சா. நான் இன்னும் பிரிச்சுப் பாக்கல. இதுல போயி, கெளம்புற அவசரத்துல தூரத்துக் கண்ணாடியைப் போட்டுட்டு வந்துட்டேன். பக்கத்துல உள்ளது ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. நீங்க கொஞ்சம் பிரிங்க. கீழ பாருங்க. 'பியூலா'ன்னு இருக்கா? 'யூ' நெடில்தான? 'லா' தான?

மனசுக்குள்ள வாசிக்காதீங்க, தம்பி. சத்தமா வாசிங்க.